கொடி கட்ட ஒரு வாசல் வேண்டும்

2020 மார்ச் 27. நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பத்தாவது நாள். ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்தில், சிம்பாங் ரெங்கம் பட்டணத்தை ஒட்டிய கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட், பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜிட் என்ற இரண்டு குடியிருப்புகளுக்குப் போகும் சாலைகள் அடைக்கப்பட்டன. அங்கே 61 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. ஏறக்குறைய 650 குடும்பங்களைச் சேர்ந்த 3,570 பேர் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. மேலும் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாட்டு ஆணையை மலேசியா முதன்முதலில் நடைமுறைப்படுத்திய இடம் இதுதான்.

வெளியுலகுக்கு அது பயங்கரமாகத் தெரிந்தது. ஆனால் பசி என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால், அந்த 3,570 பேரைச் சென்றடைவது அரசுக்கு எளிதாகவே இருந்தது. வீட்டு எண் உண்டு, குடும்பப் பட்டியல் உண்டு, அடையாள அட்டை எண் உண்டு. வண்டியில் பொருளை ஏற்றி வீடு வீடாக இறக்கிவிடலாம். அடைபட்டுக் கிடப்பவரின் பசியைத் தீர்க்க வழி உண்டு. எங்கே இருக்கிறார் என்று எந்தப் பட்டியலும் சொல்லாதவரின் பசியைத் தீர்ப்பதுதான் பெரும்பாடு. ஜொகூரில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மக்கள் தாமாகத் திரண்டு செய்த வேலைகளை இந்தக் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் வாதம். எத்தனை ஆயிரம் பொட்டலம் போனது என்பதைவிட, பட்டியலில் இல்லாத எத்தனை பேரை அந்த வேலைகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன என்பதே அவற்றின் தகுதியைச் சொல்லும்.

இந்தச் சிக்கல் முதல் மாதமே வெடித்தது. தன்னார்வ அமைப்புகள் உணவுப் பொருள்களை நேரடியாக வழங்கக் கூடாது, சமூகநல இலாகாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று மார்ச் இறுதியில் அரசு அறிவித்தது. ஆள் நடமாட்டத்தைக் குறைப்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இலாகாவிடம் இருந்தது இலாகாவுக்குத் தெரிந்தவர்களின் பட்டியல். நேற்றுவரை மாதச் சம்பளம் வாங்கி இன்று வேலை இழந்தவர் அதில் இல்லை. பெர்மிட் காலாவதியான வெளிநாட்டுத் தொழிலாளியும் இல்லை, பிறப்புப் பத்திரமே இல்லாத தாயும் இல்லை. எதிர்ப்பு எழுந்து கட்டுப்பாடு தளர்ந்தது. அதற்குள், ஆணை தொடங்கிய நாளிலேயே எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் தொடங்கிய 'கித்தா ஜாகா கித்தா' முயற்சி நாடு முழுவதும் பரவியிருந்தது. அவர் புதிதாக ஓர் அமைப்பைக் கட்டவில்லை. எங்கெங்கே யார் என்ன உதவி செய்கிறார்கள், யாருக்கு என்ன தேவை என்று தொகுத்து இரு தரப்பையும் இணைத்தார். நமக்குள்ளே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம் என்ற அந்தச் சொற்றொடரை அரசியல்வாதிகளும் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

ஜொகூர்த் தமிழர்களிடையே அப்படி இணைக்கப்படக் கூடியதாக என்ன இருந்தது? கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம், பழைய தோட்டத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழு. இவற்றில் தமிழ்ப்பள்ளிக்குத் தனியிடம் தர வேண்டும். மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடங்கள் மூடி இல்லிருப்புக் கற்றல் தொடங்கியதும், எந்தப் பிள்ளை இணைய வகுப்புக்கு வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். வராததற்குக் காரணம் கேட்டால் வீட்டில் ஒரே கைப்பேசி, அதை அப்பா வேலைக்கு எடுத்துப்போகிறார் என்று பதில் வரும். இன்னும் கேட்டால் அப்பாவுக்கு வேலையே இல்லை என்பது வரும். வருகைப் பதிவேடு வறுமையின் பதிவேடாக மாறுகிற இடம் இது. எந்த இலாகாவின் கணினியும் இந்தத் தகவலை இவ்வளவு விரைவாகக் கொடுத்திருக்காது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. 1918-இன் இன்ஃபுளுவென்சா மலாயாவில் 34,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது என்று அந்தத் தொற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் லியூ காய் கியூன் கணக்குக் காட்டுகிறார். தோட்டப்புற இந்தியத் தொழிலாளர்கள் அதில் மிகக் கடுமையாக அடிபட்டார்கள். நெருக்கமான லயங்கள், நோஞ்சான் உடம்பு, பெயருக்கு ஒரு தோட்ட ஆஸ்பத்திரி. ஆனாலும் தோட்டம் தன் ஆட்களை எண்ணி வைத்திருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவன் பெயர் தெரியும், எந்த லயம் என்று தெரியும். அந்த எண்ணிக்கை உழைப்பைக் கறப்பதற்காக எடுக்கப்பட்டது, அதைப் புகழ்வதற்கில்லை. நூறு ஆண்டு கழித்து அந்தத் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. 2006-இல் இஸ்கண்டார் மேம்பாட்டு வட்டாரம் அறிவிக்கப்பட்ட பிறகு தென் ஜொகூரில் அந்த வேகம் இன்னும் கூடியது. லயத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், உலு திராம் பக்கம் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். லாரி ஓட்டுகிறார்கள், பாதுகாவலராக நிற்கிறார்கள், பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறார்கள். அவர்களை யாரும் எண்ணுவதில்லை. ஒப்பந்தக்காரரிடம் வேலை, அவருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்தக்காரர். கோவிட் வந்தபோது இந்தக் குடும்பங்கள் விழுந்த பள்ளம் அங்கேதான் இருந்தது.

2021 ஜூன் 1-இல் முழு முடக்கம் திரும்பி வந்தது. முதல் ஆண்டின் ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பு எல்லாருக்கும் தானாகவே கிடைத்தது; அது 2020 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஊழியர் சேமநிதியிலிருந்து ஐ-லெஸ்தாரி, ஐ-சினார் என்று எடுத்த பணமும் கரைந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் 468 தற்கொலைகள் பதிவாகியிருப்பதாகப் போலீஸ் தெரிவித்தது. 2020 முழுவதற்கும் அந்த எண்ணிக்கை 631. இந்தப் பின்னணியில்தான் ஜூன் மாதக் கடைசியில் பேஸ்புக்கில் அந்த அழைப்பு பரவியது: கஷ்டமா, வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், கெஞ்ச வேண்டாம், வெட்கப்பட வேண்டாம். பெண்டேரா பூத்தே, வெள்ளைக் கொடி இயக்கம்.

இந்த இயக்கத்தைப் பற்றிப் பெரும்பாலும் நெகிழ்ச்சியாகவே எழுதப்பட்டிருக்கிறது. நெகிழ்ச்சிக்கு இடம் உண்டு. ஆனால் அதன் இயங்குமுறைதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. வெள்ளைக் கொடிக்கு விண்ணப்பப் பாரம் கிடையாது. வருமானச் சான்று கிடையாது. குடிமக்களின் நீல நிற அடையாள அட்டையா, நிரந்தரவாசிகளின் சிவப்பா என்று யாரும் கேட்கவில்லை. கொடியைப் பார்த்த அண்டை வீட்டார் அரிசி, முட்டை, சார்டின், பால்மாவு வாங்கி வந்தார். நிலைமையை நேரில் பார்த்தார். தேவை பெரிது என்றால் படம் எடுத்துப் போட்டு மற்றவர்களை அழைத்தார். சரிபார்ப்பு வேலையை இலாகாவின் மேசையிலிருந்து எடுத்துத் தெருவிடம் கொடுத்துவிட்டது அந்தத் துணி. கொடி இருக்கும் வீடுகளையும் உணவு வங்கிகளையும் வரைபடத்தில் காட்ட 'சம்பல் எஸ்ஓஎஸ்' என்ற செயலியை மாணவர்கள் சில நாள்களிலேயே உருவாக்கினார்கள். மானம் பார்த்துப் பட்டினி கிடக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தவர்களுக்கு, ஒரு தமிழ்த் தாய் வாசலில் அந்தத் துணியைக் கட்டுவதற்குள் எதையெல்லாம் கடந்திருப்பார் என்பதும் தெரியும்.

எதிர்ப்பும் வந்தது. வெள்ளைக் கொடி தோல்வியின் அடையாளம், மக்களுக்குச் சரணடையக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று இஸ்லாமியக் கட்சியான பாஸின் தலைவர்கள் சிலர் பேசினார்கள். கெடா மாநில முதலமைச்சரான மந்திரி பெசார் முகமட் சனுசி கொடிகளைக் கவனத்தில் எடுக்கப்போவதில்லை என்றார். அவர்களுக்கு உறுத்தியது எது என்பதை யோசித்தால் இயக்கத்தின் அரசியல் புரியும். ஒரு வீதியில் ஒரு கொடி பறந்தால் அது அந்த வீட்டின் துயரம். இருபது கொடி பறந்தால் அது அரசின் கணக்கு. யாரும் முழக்கமிடாமலேயே ஒரு தாமான் முழுவதும் தன் நிலைமையை அறிவித்துவிடுகிறது.

ஜூலை தொடக்கத்தில் இன்னொரு கொடி வந்தது, கறுப்பு நிறத்தில். பிரதமர் முகைதீன் யாசின் பதவி விலக வேண்டும், ஜனவரி 12 முதல் நடப்பில் இருந்த அவசரநிலை முடிய வேண்டும், நாடாளுமன்றம் கூட வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். பிரதமரின் தொகுதியான பாகோ ஜொகூரில்தான் இருக்கிறது. கறுப்புக் கொடி இயக்கத்தின்மேல் போலீஸ் தேசநிந்தனைச் சட்டத்தின்கீழ் விசாரணை திறந்தது. அரிசி கொடுத்தவருக்குப் பாராட்டு. அரிசி ஏன் இல்லாமல் போனது என்று கேட்டவருக்கு விசாரணை. இந்தப் பிரிவினை பெருந்தொற்றுக் காலம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தது. 2020 ஜூன் 2-ஆம் தேதி ஈப்போவில், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் நடத்தப்படும் விதத்தை எதிர்த்துத் தொற்றுக்கால இடைவெளியோடு நின்று மறியல் செய்த ஐந்து தொழிற்சங்கச் செயற்பாட்டாளர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவர் மலேசிய சோசலிசக் கட்சியின் மூத்த தலைவர் எம். சரஸ்வதி. மருத்துவமனையைச் சுத்தமாக வைத்திருப்பவர்களை முன்களப் பணியாளர்கள் என்று வணங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் இது நடந்தது. இதை எழுதும்போதும் மனம் கொதிக்கிறது.

சரி, வெள்ளைக் கொடி எட்டாத இடங்கள் எவை? கொடி கட்ட ஒரு வாசல் வேண்டும். அது தெருவைப் பார்த்த வாசலாக இருக்க வேண்டும். கட்டியவர் கவனிக்கப்படுவதற்கு அஞ்சாதவராக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாதவர்கள் ஜொகூரில் பல்லாயிரம் பேர்.

முதலில் பாலத்துக்காரர்கள். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 3,00,000 மலேசியர்கள் வேலைக்காகச் சிங்கப்பூர் எல்லையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அதிகாலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் போய் இரவில் திரும்புவது ஜொகூர் பாருவின் இயல்பு வாழ்க்கை. 2020 மார்ச் 16 இரவு கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18-ஆம் தேதி எல்லை மூடும். நடுவில் ஒரே நாள். வேலையா வீடா என்று முடிவெடுக்க அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு போனவர்களில் தங்க இடம் கிடைக்காத சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்தின் அருகே படுத்துறங்கினார்கள். சிங்கப்பூர்த் தன்னார்வலர்கள் தேடிப்போய் உதவினார்கள். தொழிலாளரைத் தங்கவைக்கும் நிறுவனங்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 சிங்கப்பூர் வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு அந்நாட்டு அரசு வழங்கியது.

பிறகு நடந்ததுதான் நீண்ட கொடுமை. 2020 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, குறைந்தது 90 நாள் தொடர்ந்து வேலை செய்தால்தான் விடுப்பில் வீடு திரும்பலாம். திரும்பினால் தனிமைப்படுத்தல், அதற்கான செலவு, போன வேலை காத்திருக்குமா என்ற பயம். சாவுக்கும் அவசரத்துக்கும் எல்லை கடக்கத் தனி அனுமதி 2021 மே 17-இல்தான் வந்தது. அதற்கு முன் பெற்றவரின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர்கள் உண்டு. 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்து வழி திறந்தபோது ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 1,440 இருக்கைகள். மூன்று லட்சத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய எண் அது.

இவ்வளவு பெரிய தொழிலாளர் கூட்டத்துக்கு ஒரு சங்கம் இல்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்யும் உண்மை. மலேசியத் தொழிற்சங்கங்களின் கை பாலத்துக்கு அப்பால் நீளாது. சிங்கப்பூர்ச் சங்கங்களுக்கு அவர்களின் மலேசியக் குடும்பம் பொருட்டல்ல. 'மலேசியா–சிங்கப்பூர் பார்டர் கிராசர்ஸ்' போன்ற பேஸ்புக் குழுக்கள் அந்த வெற்றிடத்தில் வளர்ந்தன. எந்தப் பரிசோதனை எங்கே, எந்தப் பாரம் எப்போது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள், நம்பிக்கை கொடுத்தார்கள், வேண்டுகோள் வைத்தார்கள். பேரம் பேசும் வலிமை மட்டும் வரவில்லை. வேலை செய்யும் நாட்டில் வாக்கு கிடையாது. வாக்கு இருக்கும் நாட்டுக்குத் திரும்ப முடியாது. 2022 மார்ச் 12-இல் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது எல்லை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. திறந்தது ஏப்ரல் 1-இல், இருபது நாள் கழித்து. அத்தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 55 விழுக்காடு.

அதே தேர்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது பெருந்தொற்றுக்கால மக்கள் அமைப்புகளின் வெற்றி. 18 வயதில் வாக்குரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. 2021 மார்ச்சில் தேர்தல் ஆணையம் பெருந்தொற்றைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போட்டது. தர்மா பிள்ளையும் கைரா யுஸ்ரியும் இணைந்து நிறுவிய உண்டி18 அமைப்பு தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடியது. சரவாக் இளைஞர்கள் தொடுத்த தனி வழக்கில் 2021 செப்டம்பர் 3-இல் கூச்சிங் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டிசம்பர் 15-இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தீவகற்பத்தில் 18 வயதினர் முதலில் வாக்களித்தது ஜொகூரில்தான்.

அடையாள ஆவணமே இல்லாதவர்களுக்கு இந்த வெற்றியிலும் பங்கில்லை. தீவகற்ப மலேசியாவில் நாடற்ற நிலையில் உள்ள இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்யும் வேலையை 'டிரா மலேசியா' என்ற தன்னார்வ அமைப்பு பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே செய்துவருகிறது. 12,000-க்கும் மேற்பட்டோர் அதன் பதிவில் சேர்ந்தார்கள். 2020-இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு 1,600 வெள்ளி வழங்கியபோது அது குடிமக்களுக்கு மட்டுமே. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே முதுமையடைந்தும் பத்திரம் இல்லாததால் அந்த வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு, பொட்டலம் கொடுப்பவரைவிடப் பதிவிலாகாவுக்கு உடன் வந்து உட்காரும் ஒருவரே அதிகம் தேவைப்பட்டார். சலிக்காமல் கோப்பு கோப்பாக நடக்கும் இந்த வேலை செய்தியில் வருவதில்லை.

இனி தொழிற்சாலை விடுதிகள். மூவாரின் மரச்சாமான் தொழிற்சாலைகள், ஜொகூர் பாருவைச் சுற்றிய மின்னணு ஆலைகள் எல்லாம் நேபாளம், வங்காளதேசம், மியன்மார் தொழிலாளர்களின் முதுகில் நிற்கின்றன. 2020 மே 1, தொழிலாளர் தினத்தன்று, கோலாலம்பூரில் குடிநுழைவுத் துறை நூற்றுக்கணக்கானோரைப் பிடித்தது. பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைத்த அரசை அதன்பின் எந்த ஆவணமற்ற தொழிலாளி நம்புவார்? ஐரீன் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனகானித்தா போன்ற அமைப்புகள் சொன்னது இதைத்தான்: பயம் நோயை மறைக்கும். விடுதி நெரிசலுக்கு எதிரான, தொழிலாளர் தங்குமிடத் தரம் பற்றிய 446-ஆம் சட்டத்தை 2021 பிப்ரவரியில் அவசரகாலச் சட்டம் மூலம் அரசு இறுக்கியது. விதியை மீறும் முதலாளிக்கு 2,00,000 வெள்ளி வரை அபராதம்.

சட்டம் தாளில் இறங்கினால் போதாது, விடுதிக்குள் இருப்பவர் வாய் திறக்க வேண்டும். ஜொகூர் பாருவில் வீட்டு மின்சாதன நிறுவனமான டைசனுக்கு உதிரிபாகங்கள் செய்த ஏடிஏ ஐஎம்எஸ் ஆலையில் அது நடந்தது. நேபாளத் தொழிலாளர் ஒருவர் வேலை, தங்குமிட நிலைமைகளைத் தொழிலாளர் உரிமைச் செயற்பாட்டாளர் ஆண்டி ஹாலுக்குத் தெரிவித்தார். அதற்காகத் தன்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் அடித்தார்கள் என்று பின்னர் குற்றம் சாட்டினார். தணிக்கை ஒன்றுக்குப் பிறகு 2021 நவம்பரில் டைசன் அந்த ஆலையுடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. தங்குமிட விதிமீறல்களுக்காக ஆலையின்மீது வழக்குத் தொடுக்கப்போவதாக டிசம்பரில் மலேசிய அதிகாரிகள் கூறினார்கள்.

இதை வெற்றி என்று எழுதி முடிக்க என்னால் முடியவில்லை. ஆலையின் வருமானத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு டைசனிடமிருந்து வந்தது. வாங்குபவர் விலகினால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் ஆள் போவார். குரல் எழுப்பியவர்களும் எழுப்பாதவர்களும் ஒரே சீராக வேலை இழக்கும் ஆபத்து அது. விலகுவதற்குப் பதில் இருந்து சரிசெய்யும் பொறுப்பு வாங்குபவருக்கு உண்டு என்று செயற்பாட்டாளர்கள் சொல்வது இதனால்தான்.

நேபாளத்தையும் வங்காளதேசத்தையும் சேர்ந்த 24 பேர் டைசன் குழும நிறுவனங்கள்மீது லண்டனில் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார்கள். கட்டாய உழைப்பு, மோசமான தங்குமிடம் என்பவை அவர்களின் குற்றச்சாட்டுகள், நிறுவனம் மறுத்தது. மலேசியாவிலேயே வழக்கு நடக்கட்டும் என்று உயர்நீதிமன்றம் 2023-இல் சொன்னது. 2024 டிசம்பர் 13-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இந்தத் தொழிலாளர்களுக்கு மலேசியாவில் வழக்கு நடத்தப் பணமும் வழக்கறிஞரும் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதும் அங்கே எடைபோடப்பட்டது. ஜொகூரில் உள்ள ஒவ்வொரு மக்கள் அமைப்பும் படிக்க வேண்டிய பகுதி அது. ஒரே இரவில் ஆயிரம் குடும்பத்துக்கு அரிசி திரட்டத் தெரிந்த மாநிலத்தில், ஒரு விடுதித் தொழிலாளிக்காக ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நின்று வழக்காடும் நிதியும் வழக்கறிஞர் குழுவும் இன்னும் திரளவில்லை.